ரெண்டு மஞ்சள் மாத்திரை... ஒரு சுப்பாராவ்!

காரைக்குடியில எங்க அயித்தை வீட்டு அலமாரியில ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதுக்குள்ள ரெண்டு அட்டை மாத்திரை. ரெண்டுமே மஞ்சள், ரெண்டுமே சின்னது. ஒண்ணு ஃபோலிக் ஆசிட். இன்னொண்ணு மெத்தோட்ரெக்சேட். முதல் மாத்திரையை மறந்துபோய் ஒரு நாள் கூடப் போட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடவேண்டியது. அதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

அயித்தைக்கு சோரியாசிஸ். முழங்கையிலயும் உள்ளங்கையிலயும் சிவந்து, தடித்து, வெள்ளை வெள்ளையாச் செதில் உதிரும். வேற யாருக்காவது வந்திருந்தா இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். அயித்தை பலகாரம் செய்து விற்கிறவங்க. சீப்புச் சீடை, கைமுறுக்கு, மாவுருண்டை... செட்டிநாட்டுக் கல்யாண வீடுகள்ல அவங்க கைக்குன்னு ஒரு பேர் உண்டு. அந்தக் கைதான் உதிர ஆரம்பிச்சது. இது தொத்து வியாதி இல்லைன்னு டாக்டர் எழுதியே கொடுத்தார். ஆனா ஆர்டர் கொடுக்கிறவங்ககிட்ட அந்தச் சீட்டை நீட்டவா முடியும்? ஒரு வருஷத்துல ஆர்டர் பாதியாச்சு. அப்புறம் அவங்களே போன் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க.

அந்த டப்பாவுல இருக்கிற மாத்திரை ரெண்டும் எங்கேயிருந்து வந்ததுன்னு தேடிப் போனப்போதான் ஒரு விஷயம் தெரிஞ்சது. ரெண்டுக்கும் பின்னால ஒரே ஆய்வுக்கூடம். அதை நடத்தினவர் ஒரே மனுஷன். அதுவும் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர். பேரு எல்லாப்ரகடா சுப்பாராவ்.

கேள்விப்பட்ட பேரா இருக்கும். பள்ளிக்கூடப் பாடத்துலயோ, 1995-ல் வந்த தபால் தலையிலயோ பார்த்திருப்பீங்க. ஆனா ‘என்ன கண்டுபிடிச்சார்?’னு கேட்டா நம்மில் பலரும் முழிப்போம். நானும் முழிச்சேன்.

சுப்பாராவ் பிறந்தது 1895 ஜனவரி 12-ம் தேதி. ஊர், கோதாவரிக் கரைப் பகுதியில் உள்ள பீமவரம். அப்போது அது மதராஸ் மாகாணம். அப்பா ஜகந்நாதம், அம்மா வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் இவர் நாலாவது. வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று முடிவெடுத்து வீட்டைவிட்டு ஓடினார். பிடித்துக்கொண்டுவந்து மறுபடியும் பள்ளியில் உட்காரவைத்தார்கள். மெட்ரிகுலேஷனில் தேறியது மூன்றாவது முயற்சியில், அதுவும் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். இன்றைக்கு உங்க பிள்ளை ஒரு பரீட்சையில் கோட்டை விட்டான்னா, இதைச் சொல்லி அவனைத் தேத்தாதீங்க. சுப்பாராவுக்கு அடுத்த பரீட்சைகளும் சுலபமா இருக்கலை.

மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தபோது ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவியாகிவிட நினைத்தார். அம்மா சம்மதிக்கவில்லை. துறவுக்குப் பதிலா மருத்துவம் என்று ஆனது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் காந்தியின் அந்நியத் துணி பகிஷ்கரிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதரில் தைத்த அங்கியோடு போய் நின்றார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாகவே எழுதியிருந்தும், கடைசியில் கைக்கு வந்தது முழு எம்.பி.பி.எஸ் இல்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ் சான்றிதழ். அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கப் போனார்.

இடையில் குடும்பத்தை ஒரு வியாதி சூறையாடியது. ட்ராபிகல் ஸ்ப்ரூ. குடல் சத்தை உறிஞ்சாது. ஓயாமல் பேதி போகும், வாயெல்லாம் புண்ணாகும், ரத்தம் வற்றி ஆள் கரைந்தே போவார். சகோதரர்கள் இரண்டு பேரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அவருக்கும் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். இந்த வியாதியை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, திரும்பி வரும்.

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் பண உதவி செய்ய, 1922 அக்டோபர் 26-ம் தேதி பாஸ்டனில் போய் இறங்கினார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது, சாப்பாட்டுக்குத்தான் வழியில்லை. பகலில் படிப்பு, இரவில் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் வேலை. என்ன வேலை தெரியுமா? நோயாளிகளின் பெட்பேனை எடுத்துக் கழுவிவைக்கிற வேலை. மதராஸில் டாக்டராகத் தேறியவர்.

பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் சேர்ந்தார். 1925-ல் இருவரும் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். கரைசல் நீல நிறமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். கேட்க ரொம்பச் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனால் நூறு வருஷம் தாண்டியும் ‘ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை’ என்ற பேரில் உயிர்வேதியியல் மாணவர்கள் இதை லேபில் செய்துகொண்டிருக்கிறார்கள். 

இந்த நீல நிறம்தான் மற்ற எல்லாவற்றுக்கும் வாசல். பாஸ்பரஸை நுணுக்கமாக அளக்கத் தெரிந்ததும், தசைக்குள் அது எந்தெந்த வடிவத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேட முடிந்தது. 1927-ல் பாஸ்போகிரியேட்டின். 1929-ல் ஏடிபி, அதாவது அடினோசின் ட்ரைபாஸ்பேட். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏடிபியைக் கண்டுபிடித்திருந்தார். தசை எதை எரித்து இயங்குகிறது என்பது பற்றி அதுவரை நோபல் பரிசு வரைக்கும் போயிருந்த விளக்கத்தையே மாற்றி எழுதவேண்டியதாயிற்று.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஏடிபி பத்திப் பேசியாகணும். ஏன்னா அயித்தையோட கைக்கும் இதுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு.

செட்டிநாட்டு வீட்டுல ஒரு விசேஷம் நடக்குதுன்னு வெச்சுக்கோங்க. விருந்தாளி முகப்புல வந்து உட்கார்றார். அவர் நேரா அடுப்படிக்குப் போறதில்லை. முகப்புல இருக்கிறவர் வளவுல நிக்கிறவர்கிட்ட சொல்வார், அவர் ரெண்டாம் கட்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்வார், அங்கேயிருந்து அடுப்படிக்குச் சேதி போகும். அங்கே உலையில ஒரு படி அரிசி கூட விழும். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் இப்படி ஒரு வீடுதான். வெளியே இருந்து வர்ற ரசாயன விருந்தாளி செல்லோட வாசல்ல ஓர் ஏற்பியில வந்து உட்காரும். உள்ளே சேதி கைமாறிக் கைமாறி உட்கரு வரைக்கும் போகும். இதைத்தான் டாக்டருங்க ‘செல் சிக்னலிங்’னு சொல்றாங்க.

சேதியைக் கைமாத்துறப்போ சும்மா வாயால சொன்னா செல்லுபடியாகாது. கையில வெத்தலை பாக்கு வெச்சுக் கொடுக்கணும். அந்த வெத்தலை பாக்குதான் பாஸ்பேட். மூணு பாஸ்பேட்டை வரிசையா அடுக்கிவெச்சிருக்கிற தாம்பாளம்தான் ஏடிபி. அதுல இருந்து ஒண்ணை எடுத்து அடுத்த ஆள் கையில வைக்கிற வேலையைச் செய்யும் நொதிகளுக்குக் கைனேஸ்னு பேரு. மனித உடம்புல 500 வகைக்கு மேல இருக்கு. ஆக, தசையை இயக்குற எரிபொருள்னு நினைச்சு சுப்பாராவ் பிரிச்செடுத்த பொருள், உடம்புல நடக்கிற பேச்சுவார்த்தைக்கும் மூலப்பொருள். இது தெரியவந்தது அவர் காலத்துக்கு ரொம்பப் பின்னாடி.

சோரியாசிஸ்ல என்ன ஆகுதுன்னா, விருந்தாளி வந்து சேதி சொன்னது சொன்னபடி இருக்கு, நிறுத்தச் சொல்ல ஆளில்லை. ஐஎல்-23ங்கிற ரசாயனம் நோய் எதிர்ப்பு செல்லோட முகப்புல வந்து உட்காருது. உள்ளே ஜேக்-2, டைக்-2ன்னு ரெண்டு கைனேஸ்கள் வெத்தலை பாக்கை ஸ்டாட்-3 கையில கொடுக்குது. ஸ்டாட்-3 உட்கருவுக்குள்ள போய், ஐஎல்-17 தயார் பண்ணுனு சொல்லுது. அந்த ஐஎல்-17 வெளியே வந்து தோல் செல்லோட வாசல்ல உட்கார்ந்து, வளரு வளருனு விரட்டுது. சாதாரணமா ஒரு தோல் செல் அடியிலேருந்து மேல வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். சோரியாசிஸ்ல அது சில நாள்லயே நடந்து முடிஞ்சிடும். முதிர்றதுக்கு முன்னாடியே மேல வந்து குவியுது. அதுதான் செதில். அயித்தை சோப்பை மாத்தினாங்க, போர் தண்ணியைக் குறை சொன்னாங்க, கத்திரிக்காயை நிறுத்தினாங்க. வேலை நடந்துகிட்டிருந்தது உள்ளே இருக்கிற அடுப்படியில.

சரி, சுப்பாராவுக்கு வருவோம்.

1930-ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பிறர் பல வருஷம் கழித்து மறுபடி கண்டுபிடிக்கவேண்டி வந்ததற்கு ஃபிஸ்கேயின் பொறாமைதான் காரணம் என்று, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 1940-ல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராகவும் ஆனார். என்னைக் கேட்டால், ஹார்வர்டு அவரை நடத்தினவிதம் அவருக்கு நஷ்டம், நமக்கு லாபம். மருந்துக் கம்பெனிக்குப் போன பிறகு வந்த அந்த எட்டு வருஷம் அப்படி.

அங்கே அவர் துரத்தியது, தன் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கான மருந்தை. இந்தக் கதையில் இந்தியாவின் பங்கு பெரிசு. பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகையை ஆராய வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், நம்ம குன்னூர் பாஸ்டியர் நிலையத்திலும் கொஞ்ச காலம் வேலை செய்தார். ஈஸ்ட் சத்தில் இருக்கிற ஏதோ ஒன்று அந்த ரத்தசோகையைத் தீர்க்கிறது என்று 1931-ல் சொன்னவர் அவர். அந்த ‘ஏதோ ஒன்று’ தான் கீரையிலும் இருக்கிற ஃபோலிக் ஆசிட். 1945-ல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். தேறினார்கள். இன்று கர்ப்பிணிகள் எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்களே, அதே ஃபோலிக் ஆசிட்தான்.

ரெண்டாவது மஞ்சள் மாத்திரை வந்த வழி வேறு. பாஸ்டனில் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சிட்னி ஃபார்பருக்கு, ஃபோலிக் ஆசிட் வகை மருந்து கொடுத்தால் நோய் இன்னும் வேகமாகப் போகிறதோ என்று சந்தேகம் வந்தது. அப்படியானால் ஃபோலிக் ஆசிடைத் தடுத்தால் என்ன? தடுக்கிற சரக்கு லெடர்லேயில் இருந்தது. பார்க்க அச்சு அசல் ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருக்கும், ஆனால் அந்த வேலையைச் செய்யாது. செட்டிநாட்டு வீட்டுக் கதவுக்கு முழ நீளச் சாவி ஒண்ணு உண்டே, அதே மாதிரி ஒரு போலிச் சாவியைப் பூட்டுக்குள்ள விட்டா என்ன ஆகும்? திறக்காது, வெளியே வரவும் வராது, நிஜச் சாவிக்கும் இடமிருக்காது. அப்படி ஒரு போலிச் சாவிதான் அமினோப்டெரின். ஃபோலிக் ஆசிட் இல்லாமல் செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்க முடியாது. வேகமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் திணறும். 1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. அதுவரை அந்த நோய்க்கு மருந்து என்று எதுவுமே இருந்ததில்லை. அமினோப்டெரினின் சகோதர மருந்துதான் மெத்தோட்ரெக்சேட்.

யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான், முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்தான ஆரியோமைசின் ரெண்டும் அவர் தலைமையில் வந்தவைதான். அதுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

1948 ஜூலை 25. எங்க காரைக்குடிக்கு நேரு வந்தார். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், அவர் கொடுத்த 15 லட்சம் ரூபாயின் துணையோடு, இன்று ஊரில் ‘செக்ரி’ன்னு சொல்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். சுதந்திர இந்தியா விஞ்ஞானிகளைத் தேடிக்கொண்டிருந்த நேரம். அதிலிருந்து ஏறக்குறைய ரெண்டு வாரம். ஆகஸ்ட் மாதத்தில், நியூயார்க் பக்கத்தில், தூக்கத்திலேயே மாரடைப்பில் சுப்பாராவ் இறந்துகிடந்தார். வயது 53.

அவர் தன் மருந்து தோலுக்கும் ஆகும்னு கடைசிவரை தெரியாமலேதான் போனார். 1951-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் குப்னர் என்ற மருத்துவர், மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தபோது, சோரியாசிஸும் இருந்தவர்களுக்குத் தோல் தெளிவதைக் கவனித்தார். 1950-களின் கடைசியிலிருந்து, அதைவிடப் பாதுகாப்பான மெத்தோட்ரெக்சேட் அந்த இடத்தைப் பிடித்தது. ஆரம்பத்தில், வேகமாகப் பெருகும் தோல் செல்லை இது தடுக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். இப்போது பார்த்தால், வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சின்ன அளவில் இது முக்கியமாக அடக்குவது நோய் எதிர்ப்பு செல்களின் பேச்சை. செல்லுக்கு வெளியே அடினோசின் சேரும்படி செய்கிறது. அந்த அடினோசின் கொதித்துக்கிடக்கும் செல்களை அமைதிப்படுத்துகிறது. ஏடிபியின் பேரிலேயே முதலில் வருகிறதே, அதே அடினோசின். மேலே சொன்ன ஜேக் - ஸ்டாட் வழியையும் இது அடக்குகிறது என்று 2015-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் செல் சோதனைகளில் காட்டினார்கள்.

இன்னிக்கு சோரியாசிஸுக்குப் புது மருந்துகள் நிறைய. ஐஎல்-17ஐயும் ஐஎல்-23ஐயும் வாசல்லயே மடக்குற ஊசிகள் இருக்கு. வேற வகை ஊசியான பெங்களூரு பயோகானோட இடோலிசுமாப் 2013-லயே வந்தது. டோஃபாசிட்டினிப் மாதிரி ‘ஜேக் தடுப்பு’ மாத்திரைகள், சோரியாசிஸோட சேர்ந்து வர்ற மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிறாங்க. இது எங்கே போய் உட்காருது தெரியுமா? கைனேஸ்ல ஏடிபி வந்து உட்கார வேண்டிய அதே குழியில. தாம்பாளம் வைக்க இடமில்லைன்னா வெத்தலை பாக்கு எப்படிக் கைமாறும்? 2022-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின டியூக்ராவாசிட்டினிப், அந்தக் குழியை விட்டுட்டு டைக்-2வோட வேற ஒரு பக்கத்தைப் பூட்டுது. எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்காது. காசநோய் இருக்கான்னு பரிசோதிக்காம இந்த மருந்துகள்ல பலதை ஆரம்பிக்கவே கூடாது. விலையும் இருக்கே... அயித்தைக்கு டாக்டர் எழுதினது பழைய மஞ்சள் மாத்திரையைத்தான்.

இப்போ அந்த டப்பா விஷயம். போன வருஷம், சீட்டுல எழுதியிருந்தது புரியாம, அயித்தை மாத்திரையை மாத்திப் போட்டுட்டாங்க. ஃபோலிக் ஆசிட்னு நினைச்சு மெத்தோட்ரெக்சேட்டை மூணு நாள் தொடர்ந்து. நாலாவது நாள் வாயெல்லாம் புண்ணு, சோறு இறங்கலை. அயித்தை மக உயிர்வேதியியல் படிக்கிறவ, அட்டையைப் புரட்டிப் பார்த்துட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினா. ரத்த அணுக்கள் குறைய ஆரம்பிச்சிருந்தது. நல்ல நேரம், அதோட நின்னுச்சு. போலிச் சாவி பூட்டை அடைச்சுக்கிட்டா, சுப்பாராவோட இன்னொரு மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபோலினிக் ஆசிட்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும். அயித்தைக்கும் அதைத்தான் கொடுத்தாங்க.

உங்க வீட்டுலயும் இந்த மாத்திரை இருந்தா, இதை மட்டும் செய்யுங்க. அட்டை மேல கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால கிழமையை எழுதி ஒட்டுங்க. ரெண்டு அட்டையையும் ஒரே டப்பாவுல போடாதீங்க. ரத்தப் பரிசோதனையையும் கல்லீரல் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீங்க. மது கூடவே கூடாது. குழந்தை பெத்துக்கிற திட்டம் இருந்தா முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, கருவுக்கு இது ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுச்சுன்னு வாங்கிப் போடுற மருந்தும் இல்லை இது.

சரியான அளவுல ஆரம்பிச்சு நாலு மாசத்துல அயித்தையோட உள்ளங்கை தெளிஞ்சது. முழங்கையில இன்னும் ஒரு ரூபாய் அகலத்துக்குத் திட்டு இருக்கு. ஆர்டர் முழுசாத் திரும்பலை. போன தை மாசம் ஒரு வீட்டுல இருந்து ஐம்பது படி சீப்புச் சீடைக்குச் சொல்லிவிட்டாங்க. அதுல இருந்துதான் போனை எடுக்கிறாங்க.

பொங்கலுக்குப் போயிருந்தப்போ சுப்பாராவ் படத்தை போன்ல காட்டி, இந்தக் கதையெல்லாம் சொன்னேன். ஏடிபி, ஹார்வர்டு எதுவும் அயித்தைக்குப் பெருசாப் படலை. அவரு சம்சாரம் என்ன ஆச்சுன்னு மட்டும் கேட்டாங்க. பேரு சேஷகிரி. மூணு வருஷத்துல திரும்பிடுவேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் 1922-ல கப்பல் ஏறினார். வேலை விடலை. 26 வருஷம் ஓடிடுச்சு. ரெண்டு பேரும் மறுபடி ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை.

அயித்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் எழுந்துபோய் ‘ஞாயிறு’ன்னு எழுதி ஒட்டியிருக்கிற அட்டையை எடுத்தாங்க. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை.